நடுத்திட்டுக்காரர்கள் படகுக்கு எஞ்சின் வாங்கியது

நடுத்திட்டு எங்கே இருக்கிறது என்று யாரிடமும் வழி கேட்காதீர்கள். தவறிப்போய் அந்த ஊர்க்காரர் ஒருவரிடமே கேட்டுவிட நேரலாம். ஆற்றின் நடுவே இருக்கிறது, சுற்றிலும் தண்ணீர், முப்பது வீடு, ஒரு கோயில், வளைந்துபோன தென்னைமரம் ஒன்று. இவ்வளவு தெரிந்தால் போதும்.

நல்ல மனிதர்கள். பொய் சொல்ல மாட்டார்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள், ஒரு எழுத்துக் கூடாது, குறையாது. அவர்களுக்கு இதுவரை வந்த கஷ்டமெல்லாம் இந்த ஒரு நல்ல குணத்தால் வந்ததுதான்.

போன வெள்ளத்தின்போது உதவிக்கு வந்த புண்ணியவான்கள், திரும்பிப் போகும்போது காற்றடித்த ரப்பர் படகு ஒன்றையும் இரண்டு துடுப்புகளையும் ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஊர்த் தலைவர் இரத்தினசபாபதி ஒரு துடுப்பை எடுத்துக்கொண்டார். மற்றொன்றை வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ஏகாம்பரம் எடுத்துக்கொண்டார். தலைவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார முடியுமா? ஆகவே இருவரும் எதிரெதிராக, முகத்தோடு முகம் பார்த்து உட்கார்ந்து, முழு மூச்சாகத் துடுப்புப் போட்டார்கள். இவர் தள்ளியதை அவர் திருப்பித் தள்ளினார். ஆறாகப் பார்த்து எங்கே கொண்டுபோய் ஒதுக்கியதோ அங்கே இறங்கிக்கொண்டார்கள்.

“படகு நல்ல படகு. நம்ம ரெண்டு பேர் கைக்கும் வலு இருக்கு. அப்புறமும் நகரலைன்னா என்ன அர்த்தம்? எஞ்சின் இல்லைன்னு அர்த்தம்” என்றார் தலைவர்.

எஞ்சின் மிகவும் தேவைப்பட்டது ஏகாம்பரத்துக்குத்தான். வயது முப்பத்தாறு. பெண் வீட்டார் பதினோரு பேர் அதுவரை மாப்பிள்ளை வீடு பார்க்க வந்து, கரையில் நின்று அந்தப் படகு சுற்றுகிற அழகைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போயிருந்தார்கள். பன்னிரண்டாவதாக வந்தது எதிர்க்கரை ஜம்புலிங்கத்தின் மகள் திலகவதியின் ஜாதகம். பத்தில் எட்டுப் பொருத்தம். ஏகாம்பரம் அவள் போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெற்றிலை கிள்ளும்போதெல்லாம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இதுவும் தட்டிப்போனால் இனிமேல் தனக்குக் கல்யாணமே இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆளைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஜம்புலிங்கம் பஸ் நிலையத்தில் முப்பது வருஷம் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊரையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை, மணியால்தான் தெரியும். தஞ்சாவூர் என்றால் ‘ரெண்டு மணி பத்து நிமிஷம்’ என்பார். இந்த எதிர்க்கரை ஊருக்கு மகளோடு குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் சொல்லி அனுப்பியது இதுதான்: “வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு எஞ்சின் வச்ச படகு கரையில நிக்கணும். ஆறு ஒண்ணுக்கு வந்தா நான் வீட்டுக்குப் போயிடுவேன்.”

அன்று திங்கட்கிழமை. தலைவர், ஏகாம்பரம், ஊரில் படிக்கத் தெரிந்த சம்பந்தம், படகு ஓட்டப் போகிற குழந்தைவேலு ஆகிய நால்வரும் உடனே நாகப்பட்டினம் போய், படகு எஞ்சின் விற்கிற கடையில் நின்றார்கள். கடைக்காரர் இருதயராஜ் பொறுமைசாலி. மீனவர்களோடு இருபது வருஷம் வியாபாரம் செய்தவர், இதற்குமேல் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

“படகோட பின்பலகை எவ்வளவு உயரம்?” என்று கேட்டார் அவர்.

“பலகை உயரம் எதுக்குங்க?” என்றார் தலைவர்.

“அங்கதாங்க எஞ்சினை மாட்டணும். பலகை குட்டைன்னா குட்டைத் தண்டு எஞ்சின், உயரம்னா நெட்டைத் தண்டு. இல்லைன்னா காத்தாடி தண்ணியில முங்காது. படகை ஆத்துத் தண்ணியில விட்டு, போற ஆளுங்க எல்லாரும் உக்காந்த பிறகு, பலகை தண்ணிக்கு மேல எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டு வாங்க.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரிய விவாதம் நடந்தது.

“அளந்துட்டு வான்னு அவர் சொல்லலை. பாத்துட்டு வான்னுதான் சொன்னார்” என்றார் சம்பந்தம்.

“பாத்துட்டு வந்து நாம சொல்லப்போறது தப்பாப் போச்சுன்னா?” என்றார் குழந்தைவேலு.

“அவரே பாக்கட்டுமே” என்றார் தலைவர். இப்படிச் சட்டென்று முடிவெடுப்பதால்தான் அவர் தலைவர்.

மறுநாள் காலை, நாகப்பட்டினம் கடைத்தெருவில் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. வண்டியின் பின்தட்டில் தார்ப்பாய் விரித்து, குடம் குடமாக ஆற்றுத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். தண்ணீரின் மேல் ரப்பர் படகு மிதந்தது. படகில் நான்கு பேர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். வழியில் வேகத்தடை வரும்போதெல்லாம் தண்ணீர் சிந்தியதால் ஏகாம்பரம் மடியில் ஒரு குடம் உபரியாக வைத்திருந்தார்.

இருதயராஜ் வெளியே வந்து பார்த்தார். உள்ளே போனார். ஒரு டீ குடித்துவிட்டு மறுபடியும் வெளியே வந்தார். படகு அப்போதும் அங்கேயே இருந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறி, பேசாமல் அளந்தார்.

“குட்டைத் தண்டு. நாலு ஹெச்.பி. போதும்” என்றார்.

“நாலு குதிரை பலம்னு அர்த்தம்” என்று சம்பந்தம் மற்றவர்களுக்கு விளக்கினார்.

“நாம நாலு பேரு. ஆளுக்கொண்ணு சரியாப் போச்சு” என்றார் தலைவர்.

ஏகாம்பரத்தின் முகம் வாடிவிட்டது. “அப்ப பொண்ணோட அப்பா நடந்தா வருவாரு?” என்றார்.

இது யாருக்கும் தோன்றவில்லை. ஐந்து ஹெச்.பி. எஞ்சின் வாங்கினார்கள்.

பிறகு சாமான்கள். இருதயராஜ் ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்து, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொன்னார். சம்பந்தம் எழுதிக்கொண்டார். அந்தக் காகிதத்தை நான் பார்த்திருக்கிறேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

“இந்தச் சிவப்புக் கயிறு எஞ்சினை நிறுத்தறதுக்கு. ஒரு முனை எஞ்சின்ல, இன்னொரு முனை ஓட்டறவர் மணிக்கட்டுல. எப்பவும் கட்டியே இருக்கணும், கழட்டவே கூடாது. இது ஒட்டு வில்லை, படகுல ஓட்டை விழற இடத்துல ஒட்டிக்குங்க. இது நங்கூரம், படகை நிறுத்தற இடத்துல போடணும். இது மிதவைச் சட்டை, அஞ்சு இருக்கு. நீச்சல் தெரியாதவங்களுக்கு அவசியம் மாட்டிவிடுங்க. கடைசியா ஒண்ணு. எஞ்சின் புதுசு. முதல் பத்து மணி நேரம் மெதுவா ஓட்டுங்க. அதுக்கப்புறம் எவ்வளவு வேகம் வேணும்னாலும் போகலாம்.”

குழந்தைவேலு கடையிலேயே கயிற்றைக் கட்டிக்கொண்டார். கயிறு இரண்டு முழம். அதனால் வீடு வரைக்கும் எஞ்சினைத் தோளிலேயே சுமந்து வந்தார். புதன்கிழமை ஆற்றில் குளித்தபோது எஞ்சினையும் குளிப்பாட்டினார். சாப்பிட உட்கார்ந்தபோது அவர் மனைவி பக்கத்தில் ஒரு மணையைப் போட்டு அதில் எஞ்சினை உட்கார வைத்தாள். முடி வெட்டிக்கொள்ளப் போனபோது மட்டும், இதுக்கும் வெட்டணுமா என்று கேட்ட நாவிதரோடு கொஞ்சம் மனஸ்தாபம்.

மற்ற மூவரும் சும்மா இருக்கவில்லை. ஓட்டை விழுகிற இடத்தில் ஒட்டுவதற்கு, முதலில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமே. படகைச் சுற்றிச் சுற்றி வந்து, எங்கெங்கே விழுந்தாலும் விழும் என்று தோன்றியதோ அங்கெல்லாம் வில்லைகளை ஒட்டித் தீர்த்தார்கள். நங்கூரத்தை, படகு நிற்கப்போகிற இடமான நடுத்திட்டுப் படித்துறையிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்கள்.

மிதவைச் சட்டைதான் தகராறு. நடுத்திட்டில் கைக்குழந்தை தவிர எல்லாருக்கும் நீச்சல் தெரியும்.

“படகுல போறதுல நீச்சல் தெரியாதது யாரு?” என்று கேட்டார் தலைவர்.

சம்பந்தம் நெடுநேரம் யோசித்தார். “எஞ்சின்” என்றார்.

ஐந்து சட்டையையும் எஞ்சினுக்கு மாட்டினார்கள்.

வியாழக்கிழமை ஓட்டிப் பார்க்கலாம் என்று ஏகாம்பரம் கெஞ்சினார். கரிநாளில் புது எஞ்சினை எடுப்பார்களா? ஜம்புலிங்கம் படகு ‘நிக்கணும்’ என்றுதான் சொன்னார், ஓடி வரணும் என்று சொல்லவில்லை. ஆகவே வெள்ளி விடிந்ததும், குழந்தைவேலு ஒரு கேன் பெட்ரோலோடு ஏறிக்கொள்ள, மற்ற மூவரும் நீந்தியபடியே படகைத் தள்ளி எதிர்க்கரையில் சேர்த்தார்கள். ஆறடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது. ஜம்புலிங்கம் கையில் வாட்ச், பையில் சிறு நோட்டு, கக்கத்தில் செய்தித்தாளுடன் நின்றிருந்தார். அவர் நெற்றிச் சுருக்கம் கொஞ்சம் தளர்ந்ததை ஏகாம்பரம் பார்த்தார். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது அவருக்கு.

படகில் ஏறிய ஜம்புலிங்கம், எஞ்சினைப் பார்த்தார்.

“இதுக்கு எதுக்குங்க சட்டை?”

“அதுக்கு நீச்சல் தெரியாதுங்க” என்றார் தலைவர்.

“எனக்கும் தெரியாதே!”

பிறகு சம்பந்தம், விருந்தாளி முக்கியமா எஞ்சின் முக்கியமா என்று கேட்டார். எஞ்சின் வீட்டுப் பிள்ளை, விட்டுக்கொடுக்கும் என்று முடிவாயிற்று. ஒரு சட்டையைக் கழற்றி ஜம்புலிங்கத்துக்குப் போட்டார்கள்.

சரியாக ஆறு மணிக்குக் குழந்தைவேலு எஞ்சினை முடுக்கினார். எஞ்சின் அருமையாகப் பேசியது. மெதுவாக, மிக மெதுவாக, எருமை நீந்துகிற வேகத்தில் படகு போயிற்று. இருபதாவது நிமிஷம் நடுத்திட்டுப் படித்துறை வந்தது. ஏகாம்பரத்தின் அம்மா புதுச்சேலையில் நின்று கையாட்டினாள். ஜம்புலிங்கம் செருப்பைத் தேடினார்.

“பொறுங்க” என்றார் சம்பந்தம், காகிதத்தைப் பிரித்து. “முதல் பத்து மணி நேரம் மெதுவா ஓட்டணும். இருபது நிமிஷம்தான் ஆகியிருக்கு. இன்னும் ஒம்பது மணி நாப்பது நிமிஷம் ஓட்டணும்.”

“மீதியை நாளைக்கு ஓட்டிக்கக் கூடாதா?” என்றார் ஏகாம்பரம் தீனமாக.

“நாளைக்குன்னு எழுதலையே.”

தலைவர் வருத்தத்தோடு தலையாட்டினார். குழந்தைவேலு படகைத் திருப்பினார். இவ்வளவு பேச்சும் ஜம்புலிங்கத்தின் காதில் விழவில்லை. எஞ்சின் சத்தம் அப்படி. அவருக்குத் தெரிந்ததெல்லாம், படகு ஓர் ஊரைத் தொட்டுவிட்டு, இறக்கிவிடாமல் போகிறது என்பதுதான். நோட்டை எடுத்தார். ‘முதல் ஊர், 6.20’ என்று குறித்துக்கொண்டார்.

7.05க்கு இரண்டாவது ஊர் வந்தது. அங்கேயும் ஒரு கோயில், ஒரு வளைந்த தென்னைமரம். படித்துறையில் ஒரு அம்மாள் நின்று கையாட்டினாள். 7.50க்கு மூன்றாவது ஊர்.

“உங்க பக்கம் எல்லா ஊர்லயும் பொம்பளைங்க ரொம்ப மரியாதைங்க” என்றார் ஜம்புலிங்கம், எஞ்சினுக்கு மேல் குரலை உயர்த்தி.

“ஆமாங்க” என்றார் தலைவர். அது உண்மைதானே.

பத்து மணிக்கு வெயில் ஏறியது. ஏகாம்பரம் எழுந்து குடையைப் பிரித்து ஜம்புலிங்கத்தின் தலைக்கு மேல் பிடித்தார். கை வலித்தால் கையை மாற்றிக்கொண்டார், குடையை மாற்றவில்லை. இட்லிப் பொட்டலத்தைத் தலைவர் நீட்டியபோது ஜம்புலிங்கம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“மன்னிக்கணும். கல்யாணம் முடிவாகாம மாப்பிள்ளை வீட்டுச் சாப்பாட்டுல நான் கை நனைக்கிறதில்லை.”

பசி அவரைத் தின்றது. பகல் 1.50க்குப் பதினோராவது ஊர் போயிற்று. அதன் படித்துறையில் நின்ற அம்மாளுக்குக் கை சோர்ந்திருந்தது. எதிர்ப்பக்கக் கரையிலும் ஊர்கள் வந்தன. அங்கேயெல்லாம் ஒரு நீலத் தாவணிப் பெண் கரைக்கு ஓடிவந்து ஏதோ கத்தினாள். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

“இந்தப் பக்கமும் மரியாதைதான்” என்றார் ஜம்புலிங்கம்.

மாலை நான்கு மணி அடித்தது. பதினாலாவது ஊருக்குப் பக்கத்தில் படகு இருந்தது. சம்பந்தம் காகிதத்தை மடித்தார். படகு படித்துறையில் நின்றது.

ஏகாம்பரத்தின் வீடு ஜம்புலிங்கத்துக்குப் பிடித்துவிட்டது. ஓட்டு வீடு, கொடிக்கால், பசு, மாமியார் குணம் எல்லாம் திருப்தி. உள்ளேயிருந்து கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் மணக்க மணக்க வந்தன. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. பஜ்ஜியால் மட்டும் இல்லை.

“மாப்பிள்ளை தங்கம். ஆறு மணி நேரம் குடை புடிச்சார்” என்றார். “ஆனா தூரம்தாங்க மனசை அறுக்குது. பத்து மணி நேரம்! ஒத்தைப் பொண்ணு. ஒரு தலைவலின்னா எப்படி வந்து பாப்பேன்? மதுரைக்கே அஞ்சு மணி நேரம்தான்.”

ஏகாம்பரம் தரையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய அம்மா பஜ்ஜித் தட்டை ஜம்புலிங்கத்தின் மூக்குக்கு ஒரு முழத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

“சரி, கொடுக்கிறேன். தட்டை மாத்திக்கலாம்” என்றார் ஜம்புலிங்கம். வெற்றிலை பாக்குத் தட்டு மாறியது. பதினெட்டு பஜ்ஜி சாப்பிட்டார்.

ஐந்தரை மணிக்கு அவரைக் கொண்டுபோய் விடக் கிளம்பினார்கள். பத்து மணி நேரம்தான் முடிந்துவிட்டதே. குழந்தைவேலு எஞ்சினை முழு வேகத்தில் திருகினார். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்தது. மூன்றாவது நிமிஷம் எதிர்க்கரை.

“ஊர் வந்துடுச்சுங்க” என்றார் தலைவர்.

ஜம்புலிங்கம் வாட்சைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். மறுபடி வாட்சைப் பார்த்தார். படகை விட்டு இறங்கினார், ஆனால் ஒரு அடிக்கு மேல் வைக்கவில்லை.

“என்ன விளையாடுறீங்களா? போக பத்து மணி நேரம். வர மூணு நிமிஷமா? முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு வண்டியை நான் பாத்ததில்லை. இது எங்க ஊர் மாதிரி இருக்கு, அவ்வளவுதான்.”

நால்வரும் கூடிப் பேசினார்கள்.

“அவர் சொல்றதும் நியாயம்தான். மூணு நிமிஷத்துல பத்து மணி நேரத்துத் தூரம் எப்படி வரும்?” என்றார் சம்பந்தம்.

“அப்ப இது வேற ஊரு” என்று தலைவர் முடித்துவைத்தார்.

அப்போது நீலத் தாவணிப் பெண் ஓடிவந்தாள். திலகவதிதான். “அப்பா! காலையிலேருந்து ஆத்துல சுத்திக்கிட்டே இருக்கீங்களே, என்னப்பா இது? கத்திக் கத்தித் தொண்டை போச்சு!”

ஜம்புலிங்கம் நெகிழ்ந்துபோனார். “பாத்தீங்களா, முன்ன பின்ன தெரியாதவனை அப்பாங்குது. அச்சு அசல் என் பொண்ணு மாதிரியே இருக்கு. குரல்கூட” என்றவர், சிறிது யோசித்து, ஏகாம்பரத்தைத் தனியே அழைத்தார். நேர்மையான மனிதர் அவர்.

“தம்பி, எம்பொண்ணுக்கு நஷ்டம்னாலும் உண்மையைச் சொல்லிடறேன். மூணு நிமிஷத்துல இப்படி ஒரு பொண்ணு இருக்கறப்ப, பத்து மணி நேரத்துல இருக்கறவ உங்களுக்கு எதுக்கு? இந்தப் பொண்ணையே கேளுங்க. நான் எதுவும் நினைக்க மாட்டேன்.”

ஏகாம்பரம் சட்டைப்பையிலிருந்த போட்டோவை எடுத்துப் பார்த்தார். எதிரே நின்றவளைப் பார்த்தார். “கொடுத்த வாக்கு என்னங்க ஆகறது?” என்றார்.

“அதை நான் திருப்பிக் கொடுத்துடறேன்” என்று ஜம்புலிங்கம் வெற்றிலை பாக்குத் தட்டைப் படகில் வைத்தார்.

திலகவதி அப்பாவைப் பார்த்தாள். முப்பது வருஷம் பஸ்களின் நேரத்தை எழுதி எழுதி அவர் இப்படி ஆனவர் என்று அவளுக்குத் தெரியும். அவரை வாதாடி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்தாள். கரையில் நின்று காலையிலிருந்து அவள் பார்த்ததெல்லாம், ஒருவர் நின்றபடியே தன் அப்பாவுக்குக் குடை பிடித்ததுதான். வலதுகை இன்னும் மடங்காமல் விறைத்து நின்றது அவருக்கு.

“அந்தத் தட்டை இப்படிக் குடுங்க” என்றாள்.

அடுத்த வளர்பிறையில் கல்யாணம் நடந்தது. அதுவரை ஜம்புலிங்கம் அந்த ஊரிலேயே, அந்தப் பெண்ணின் வீட்டிலேயே தங்கினார். தன் வீட்டில் இருப்பது போலவே இருக்கிறது என்று எல்லாரிடமும் சொன்னார். பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்று திலகவதி கேட்டபோது, “பெத்தவர் எங்க இருக்காரோ, பாவம்” என்று அவரே மணையில் உட்கார்ந்து கொடுத்தார். கொடுக்கும்போது விம்மி விம்மி அழுதார். எம்பொண்ணுக்கு அமைய வேண்டிய மாப்பிள்ளை என்று நடுத்திட்டுக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி அழுதார்.

நடுத்திட்டுக்காரர்களுக்கு அது தாங்கவில்லை. நமக்கு இவ்வளவு பெரிய உபகாரம் செய்த மனிதரின் பெண் கல்யாணமாகாமல் இருக்கலாமா? மறுநாள் காலை ஆறு மணிக்கு, ஜம்புலிங்கத்தின் மகளுக்கு அவள் ஊர்ப்பக்கமே வேறு மாப்பிள்ளை தேடி, தலைவர், சம்பந்தம், குழந்தைவேலு, ஜம்புலிங்கம், ஏகாம்பரம் ஐவரும் படகில் ஏறினார்கள்.

பத்து மணி நேரப் பயணமாயிற்றே என்று திலகவதிதான் புளிசாதம் கட்டிக் கொடுத்தாள்.